சுக்கும் கடுக்காயும் சொன்ன சீனத் துறவி

காஞ்சீபுரத்தில் பட்டுச் சேலைக் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. நாட்டு மருந்துக் கடைகளும் உண்டு. அங்கே போய்ச் சுக்கும் கடுக்காயும் கேட்டால், பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

இந்த இரண்டையும் சர்க்கரையோடு சேர்த்து உருண்டை பிடிக்கும் பக்குவத்தை, 1,300 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சீனர் எழுதி வைத்திருக்கிறார்.

அவர் வைத்தியர் அல்ல. வைத்தியம் படித்தவர், படித்து முடித்து, அதை வேண்டாம் என்று விட்டவர். புத்த பிட்சு. பெயர் இட்சிங்.

பள்ளிக்கூடத்தில் பாகியான், யுவான் சுவாங், இட்சிங் என்று மூன்று பெயர்களையும் ஒரே மூச்சில் படித்திருப்போம். முதல் இரண்டு பேர் நினைவில் நிற்பார்கள். மூன்றாவது ஆளைப் பரீட்சையோடு மறந்துவிடுவோம். அவர் கதையைக் கேளுங்கள்.

18 வருஷம் காத்திருந்தார்

இட்சிங் பிறந்தது 635ஆம் ஆண்டில். ஏழு வயதில் மடத்தில் சேர்ந்தார். பன்னிரண்டு வயதில், தகப்பனைப் போல வளர்த்த குருவைப் பறி கொடுத்தார்.

அவர் சின்னப் பிள்ளையாக இருந்த நாளில்தான், ஏறக்குறைய 640இல், யுவான் சுவாங் நம் காஞ்சீபுரத்துக்கு வந்தார். பல்லவர் தலைநகரைக் கண்டு எழுதினார். 645இல் சீனா திரும்பினார். அந்தப் புகழைக் கேட்டு வளர்ந்த பையனுக்கும் இந்தியா போக ஆசை வந்தது. அப்போது வயது 18.

கப்பல் ஏறும்போது வயது 36!

கூட வருவதாகச் சொன்ன பிட்சுகள் பலர். ஒருவருக்கு வயதான தாய். விட்டு வர மனம் இல்லை. மற்றவர்களுக்கும் ஏதேதோ காரணம். கடைசியில் நின்றவர்கள் இட்சிங்கும் ஓர் இளம் சீடனும்தான். 671இல் கான்டன் துறைமுகத்தில் ஒரு பாரசீகக் கப்பலில் ஏறினார்கள். சுமத்ரா தீவில் ஸ்ரீவிஜயம் போய்ச் சேர்ந்ததும் சீடனுக்கும் உடம்பு சரியில்லாமல் போயிற்று. அவனும் ஊர் திரும்பினான். இட்சிங் தனி ஆளானார்.

சேறு பூசிய பிட்சு

673இல் வங்காளக் கரையில் தாமிரலிப்தியில் இறங்கினார். ஓர் ஆண்டு சமஸ்கிருதம் படித்தார். பிறகு ஒரு கூட்டத்தோடு சேர்ந்து கயையை நோக்கி நடந்தார்.

இன்னும் பத்து நாள் வழி இருக்கும்போது காய்ச்சல் வந்தது. மலை வழி, சதுப்பு நிலம். இரண்டு மைல்கூட இல்லாத தூரத்தை நடக்க நூறு தடவை உட்கார வேண்டியிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். கூட்டம் முன்னே போய்விட்டது. பொழுது சாயும் நேரம். மலைக் கள்ளர்கள் வில்லை வளைத்துக்கொண்டு வந்தார்கள். மேலாடையைப் பிடுங்கினார்கள். பிறகு இடுப்புத் துணியையும் உருவிக்கொண்டு போனார்கள்.

வெளுத்த நிறத்தவரைப் பிடித்துப் பலி கொடுப்பார்கள் என்று ஒரு பேச்சு அந்தப் பக்கத்தில் இருந்தது. இட்சிங்குக்கு அது நினைவு வந்தது. சேற்றுக் குழியில் இறங்கினார். உடம்பு முழுவதும் சேற்றைப் பூசிக்கொண்டார். இலைகளால் மானத்தை மறைத்துக்கொண்டு, தடியை ஊன்றி நடந்தார். இரவில்தான் கூட்டத்தைப் பிடித்தார். மருந்து இல்லாத வழியில் நோய் வந்தால் என்ன ஆகும் என்பதை இட்சிங் அன்று உடம்பால் படித்தார்.

நாலந்தாவில் வைத்தியம்

நாலந்தாவில் பத்து ஆண்டுகள் இருந்தார். அங்கே வைத்தியமும் ஒரு பாடம். அதையும் கற்றார். ஆனால் பிட்சுவின் வேலை வேறு என்று நினைத்து, தொழிலாகக் கொள்ளாமல் விட்டார். எனினும் கற்றதை மறைக்கவில்லை. தாம் எழுதிய பிரயாண நூலில் வைத்தியத்துக்கென்றே சில அத்தியாயங்களை ஒதுக்கினார்.

அதில் அவர் தம் நாட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை, நம் நாட்டையும் குறைக்கவில்லை. நாடி பார்ப்பதிலும் ஊசி குத்தும் சிகிச்சையிலும் சீனாவை மிஞ்ச ஆள் இல்லை என்கிறார். சீனாவில் நானூறுக்கு மேற்பட்ட மூலிகைகள் உண்டு என்கிறார். ஜின்செங், மாஹுவாங், நம் வைத்தியர்கள் நாபி என்று சொல்லும் நச்சுக் கிழங்கின் இனம் இவையெல்லாம் தாம் போன இடங்களில் கிடைக்கவில்லை என்று குறிக்கிறார். பதிலுக்கு, இங்கே கடுக்காய் மலிந்து கிடக்கிறது என்கிறார்.

சொந்த நாட்டின் ஒரு வழக்கத்தை மட்டும் கடுமையாகத் தாக்கினார். சில சீனர்கள் பன்றி, பூனை இவற்றின் கழிவைச் சட்டியில் ஊறவைத்து மருந்தாகக் குடித்தார்கள். அதற்கு டிராகன் கஷாயம் என்று அழகான பெயர்! பெயர் அழகாக இருந்தால் போதுமா என்று கோபப்பட்டார் இட்சிங்.

இன்னொரு வருத்தமும் அவருக்கு இருந்தது. விலை உயர்ந்த மருந்து என்றால் பணக்காரன் வாங்குவான். ஏழை காலைப் பனிபோல மறைந்துபோவான். ஆகையால் காசில்லாத வைத்தியமாகப் பட்டினியைச் சொன்னார். நோய் கண்டதும் சாப்பாட்டை நிறுத்தும் இந்திய வழக்கத்தைப் பாராட்டினார். லங்கணம் பரம ஔஷதம் என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதேதான்.

மூன்று சம உருண்டை

அடுத்ததாக அவர் சொன்னதுதான் அந்த உருண்டை. கடுக்காய்த் தோல், சுக்கு, சர்க்கரை மூன்றும் சம எடை. முதல் இரண்டையும் இடித்துத் தூளாக்க வேண்டும். சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு உருட்ட வேண்டும். சர்க்கரை கிடைக்காவிட்டால் தேன். காலையில் பத்து உருண்டை. கிறுகிறுப்பு, வாயு, அஜீரணம் போகும் என்றும், பேதி இரண்டு மூன்று வேளையில் நிற்கும் என்றும் எழுதினார்.

கவனித்தீர்களா? கடுக்காய் என்று சொல்லவில்லை, கடுக்காய்த் தோல் என்கிறார். கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு, சுக்குக்கு வெளியே நஞ்சு என்பது நம்மூர்ப் பேச்சு. கொட்டையை நீக்கு, சுக்கின் தோலைச் சீவு என்று அர்த்தம். சீனரும் கொட்டையை நீக்கத்தான் சொல்கிறார்.

சுக்கு காஞ்சீபுரத்தாருக்குப் புதிதல்ல. கோயில் இட்லியிலேயே அது இருக்கிறது!

(இதைப் படித்துவிட்டு இன்றே பத்து உருண்டை விழுங்கிவிடாதீர்கள். கடுக்காய் மலத்தை இளக்கும் சரக்கு. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியரைக் கேட்காமல் கொடுக்கவே கூடாது.)

கடுக்காய் இட்சிங்குக்கு முன்பே சீனாவுக்குப் போயிருந்தது. ஹரீதகி என்ற வடமொழிப் பெயர் அங்கே ஹெலிலே என்று மாறியது. ஆனால் சீன வைத்தியத்தின் உயிர் தனிச் சரக்கில் இல்லை; கூட்டில் இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 200இல் சாங் சோங்சிங் என்ற வைத்தியர் அந்தக் கூட்டு மருந்துகளை ஏட்டில் எழுதினார். பத்தே ஆண்டில் தம் உறவினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைச் சாகக் கொடுத்தவர் அவர். பெரும்பாலும் விஷக் காய்ச்சல்தான் காரணம். அவர் சொன்ன ஒரு கஷாயத்தில் நான்கே சரக்கு: மாஹுவாங், லவங்கக் கிளை, ஆப்ரிகாட் கொட்டைப் பருப்பு, அதிமதுரம். முதல் சரக்கு ராஜா, அடுத்தது மந்திரி, மூன்றாவது துணைவன், நான்காவது தூதன் என்று சீனர் கணக்கு வைப்பார்கள்.

அந்த ராஜாச் சரக்கின் பிற்காலக் கதை விசித்திரமானது. 1885இல் நாகாய் என்ற ஜப்பானிய ரசாயனி மாஹுவாங்கிலிருந்து எபிட்ரின் என்ற பொருளைப் பிரித்தார். 1920களுக்குப் பிறகு அது ஆஸ்துமா மருந்தாக உலகம் சுற்றியது. உடம்பு மெலிய என்று சொல்லி மாஹுவாங் மாத்திரை விற்றபோது மாரடைப்பும் மரணமும் நேர்ந்தன. 2004இல் அமெரிக்க அரசு அந்த விற்பனையைத் தடை செய்தது. ஜப்பானிலோ பழைய சீன முறையில் வந்த 148 கூட்டு மருந்துகளுக்கு அரசாங்க இன்ஷூரன்ஸ் பணம் உண்டு. மாஹுவாங் சேர்ந்த கஷாயமும் அவற்றில் இருக்கிறது.

கடிதம் போடப் போனவர்

இட்சிங்கிடம் திரும்புவோம். 685இல் நாலந்தாவை விட்டார். வழியில் மறுபடியும் கொள்ளை, உயிர் தப்பியது. ஏட்டுச் சுவடிகளோடு ஸ்ரீவிஜயம் வந்து மொழிபெயர்க்க உட்கார்ந்தார். காகிதமும் மையும் தீர்ந்தன. 689இல் ஒரு நாள், காகிதம் கேட்டுக் கடிதம் அனுப்பக் கப்பலுக்குப் போனார். அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. பாய் விரித்தாகிவிட்டது. இறங்க முடியவில்லை!

கடிதம் போடப் போனவர் தாமே கான்டனில் போய் இறங்கினார். சுவடிகளோ ஸ்ரீவிஜயத்தில்! உதவிக்கு நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு அதே ஆண்டில் திரும்பினார். பிரயாண நூலை எழுதி முடித்து 692இல் சீனாவுக்கு அனுப்பினார். ஊரை விட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் பெரிய நோய் இல்லை, தேயிலையும் ஜின்செங் கஷாயமும்தான் தம் மருந்து என்று அதில் சொல்கிறார்.

நாகப்பட்டினத்தின் பெயரும் இட்சிங்கின் எழுத்தில் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்த பிட்சுகளின் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார். அவர்களில் ஒருவர் நாகப்பட்டினம் வந்து, அங்கிருந்து இலங்கைக்குக் கப்பல் ஏறினார். இட்சிங் மட்டும் தமிழ்நாட்டுப் பக்கம் வரவே இல்லை.

695இல் லோயாங் நகரம் திரும்பினார். ஏறக்குறைய 400 நூல்கள் கொண்டுவந்தார். மகாராணி வூ கிழக்கு வாசலுக்கு வெளியே வந்து வரவேற்றாள். காஞ்சியில் கைலாசநாதர் கோயில் எழும்பிய காலத்தில், அவர் சீனாவில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 703இல் முடித்த சுவர்ணப் பிரபாச சூத்திரத்தில் வாதம், பித்தம், கபம் பற்றிய அத்தியாயமும் உண்டு. கடுக்காயை மருந்துக்கு ராஜா என்று அது சொல்கிறது. 56 நூல்களை மொழிபெயர்த்து, 713இல் காலமானார்.

அவர் இறந்து 43 ஆண்டுகள் கழித்து, 756இல், ஜப்பானில் நாரா நகரத்துப் பெரிய புத்தர் கோயிலுக்கு மகாராணி கோமியோ 60 மருந்துச் சரக்குகளைக் காணிக்கை கொடுத்தாள். அந்தப் பட்டியலில் கடுக்காயும் இருக்கிறது. அவற்றில் ஒரு காய் அங்கே ஷோசோயின் களஞ்சியத்தில் இன்னும் இருக்கிறது.