டாக்டர் ஸாலமன் பெர்ஸன்

ஒரு துளி இரத்தத்தில் இன்ஸுலின் எவ்வளவு உள்ளதென்று ஆராய்ச்சிச்சாலைகளில் இன்று எளிதில் அளந்து விடுகிறார்கள். அதற்கு வழி கண்டவர் இருவர். 1977-ல் நோபல் பரிசு பெற்றவர் அவர்களுள் ஒருவரே. மற்றவராகிய டாக்டர் ஸாலமன் பெர்ஸனை நமது வாசகர்கள் அறிந்திருப்பது அவசியமென்று கருதுகிறோம்.

1918-ல் நியூயார்க்கில் பிறந்த பெர்ஸன், வைத்தியம் பயில விரும்பி 21 கலாசாலைகளுக்கு மனுச் செய்தார், ஒன்றேனும் இடமளிக்கவில்லை. பின்னர் ஒருவாறு சேர்ந்து, 1945-ல் பட்டம் பெற்றார். 1950-ல், பிராங்ஸ் பகுதியில் முன்னாள் போர்வீரர்களுக்கென அமைந்த ஆஸ்பத்திரியில், பௌதிக சாஸ்திரியான ரோஸலின் யாலோ அம்மையாருடன் ஆராய்ச்சி தொடங்கினார்.

கதிரியக்க அயோடின் சேர்த்த இன்ஸுலினைச் செலுத்திப் பார்த்தபோது, முன்னரே இன்ஸுலின் ஊசி போட்டுக்கொண்டவர்களின் இரத்தத்தில் அது நெடுநேரம் தங்கிற்று. மிருகங்களிடமிருந்து எடுத்த அம்மருந்தை அந்நியப் பொருளாகக் கண்டு உடல் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது, அதுவே இன்ஸுலினைப் பற்றி நிறுத்துகிறது என்று இருவரும் முடிவு செய்தனர். இத்தனை சிறிய புரதத்திற்கு எதிர்ப்பொருள் உண்டாகாதென்பது அக்காலத்துப் பண்டிதர் கொள்கை. ஒரு பத்திரிகை கட்டுரையை மறுத்தது. மற்றொன்றும் முதலில் மறுத்து, எதிர்ப்பொருள் என்ற சொல்லைத் தலைப்பிலிருந்து நீக்கிய பிறகே 1956-ல் வெளியிட்டது. உண்மையைச் சொல்லலாம், அதன் பெயரை மட்டும் சொல்லலாகாதென்பது விநோதமான நியாயமே. நாமும் பத்திரிகை நடத்துபவராதலின் சற்று நாணுகிறோம்.

மறுக்கப்பட்ட அந்த எதிர்ப்பொருளையே அவர்கள் அளவுகோலாக்கினர். கினிப் பன்றிகளிடம் உண்டாக்கிய எதிர்ப்பொருளைக் குறித்த அளவு எடுத்து, கதிரியக்க இன்ஸுலினையும் சோதிக்கவேண்டிய இரத்த நீரையும் அதனுடன் கலப்பர். இரத்தத்திலுள்ள இன்ஸுலின் எவ்வளவு இடம் பிடிக்கிறதோ அவ்வளவுக்குக் கதிரியக்க இன்ஸுலின் ஒட்டாது விலகும். விலகியதைக் கணித்தால் இருப்பது தெரியும். 1960-ல் இம்முறை விரிவாக வெளிவந்தது. நடுவயதில் நீரிழிவு கண்ட பலரிடம் இன்ஸுலின் இல்லாமற் போகவில்லை, இருந்தும் தக்க பயன் தரவில்லை என்பது அதனால் புலப்பட்டது. இன்று கதிரியக்கத்திற்குப் பதிலாக ஒளிரும் பொருள்கள் பெரும்பாலும் வழங்கினும், எதிர்ப்பொருளே ஆதாரமாக நிற்கிறது. இத்தகைய முறைக்கு இருவரும் பேடண்ட் உரிமை கோரவில்லை. சட்டம் பயின்ற நமக்கு, அவர்கள் விட்டுக்கொடுத்த செல்வம் எத்தகையதென்று ஊகிக்க முடிகிறது.

1972 ஏப்ரலில், அட்லாண்டிக் ஸிடியில் ஒரு மாநாட்டிற்குச் சென்றிருந்த பெர்ஸன் மாரடைப்பால் காலமானார். வயது 53. இறந்தவருக்குப் பரிசளிக்க நோபல் விதி இடந்தருவதில்லை. யாலோ அம்மையார் தமது ஆராய்ச்சிச்சாலைக்கு நண்பரின் பெயரையே இட்டார். அங்கிருந்து வெளிவந்த கட்டுரைகளில் அப்பெயர் தொடர்ந்து அச்சேறி வந்தது.