வதைத்தவரும் வதைபட்டவரும் வந்த வைத்தியசாலை: மருத்துவர் ஃபனானின் கதை

சில வருடங்களுக்கு முன்னர் முல்லைத்தீவு மாவட்டக் கிராமம் ஒன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஓர் அம்மாவின் வீடு. நான் போன நேரம், உளவளத்துணை வழங்க வந்த இரண்டு இளம்பெண்கள் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார்கள். கையில் அச்சிட்ட படிவம். நித்திரை வருகிறதா, பசிக்கிறதா, எதிர்காலத்தில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் புள்ளடி போட்டார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு, பிள்ளையின் பெயரைக்கூட அவர்கள் கேட்கவில்லை என்று என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை. என் கையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது.

அன்று திரும்பி வரும் பேருந்தில் ஃபிரான்ஸ் ஃபனானின் நினைவு வந்தது. ஊடகக் கற்கை படித்த நாட்களில் அவரை ஒரு புரட்சிச் சிந்தனையாளராகவே வாசித்தோம். வன்முறை பற்றி அவர் எழுதிய அத்தியாயத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடினோம். அவரது தொழில் உளமருத்துவம் என்பதை ஒரு வரியில் கடந்து போனோம். ஆனால் எங்களுக்கு அதிகம் தேவைப்படுபவர் அந்த மருத்துவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

ஃபனான் 1925ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் திகதி, கரீபியன் கடலில் பிரான்ஸின் ஆட்சியில் இருந்த மார்டினிக் தீவில் பிறந்தார். இரண்டாம் உலகப்போரில் பிரான்ஸின் விடுதலைக்காகப் போராடிக் காயப்பட்டு, வீரப்பதக்கமும் பெற்றார். தான் காக்கப் போன நாடு தன்னை முதலில் கறுப்பனாகவே பார்க்கிறது என்பதையும் அந்தப் படையிலேயே கண்டுகொண்டார். போரின் பின் லியோன் நகரில் மருத்துவம் படித்தார்.

லியோனில் அவர் பார்த்த நோயாளிகளில் வட ஆபிரிக்கக் கூலித் தொழிலாளர்கள் இருந்தார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உடம்பு முழுவதும் என்பார்கள். பரிசோதனையில் ஒன்றும் தெரியாது. வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறார்கள் என்று வைத்தியர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். 1952இல் வெளியான கட்டுரையொன்றில் ஃபனான் இதை மறுத்தார். குடும்பத்தைப் பிரிந்து, மரியாதையற்ற ஊரில், நாளை என்ன என்று தெரியாமல் வாழ்பவனுக்கு வலி ஓரிடத்தில் நிற்காது என்பது அவரது வாதம். நெஞ்சு எரிகிறது, தலை கனக்கிறது என்று கிளினிக்குக்கு அலையும் எங்கள் அம்மாக்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அடுத்து அவர் போனது சென் அல்பன் என்ற சிற்றூரின் உளநல வைத்தியசாலைக்கு. அங்கே அவருக்கு வழிகாட்டியவர் ஃபிரான்சுவா தொஸ்கேல். ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற தரப்பிலிருந்து தப்பி வந்து, பிரான்ஸின் அகதி முகாமொன்றுக்குள்ளேயே உளநலச் சேவை நடத்தியவர். நோயாளியைக் குணப்படுத்துவதற்கு முன் வைத்தியசாலையைக் குணப்படுத்த வேண்டும் என்பது அவரது வழி. நோயாளிகள் கூட்டம் நடத்தினார்கள், பத்திரிகை அச்சிட்டார்கள், தோட்டம் செய்தார்கள். ஃபனான் அதைக் கற்றுக்கொண்டார்.

1953 நவம்பரில் பிரான்ஸின் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவுக்கு, பிளிடா வைத்தியசாலையின் பிரிவுத் தலைவராக வந்தார். வயது 28. அவரது பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். அந்நாட்டில் அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது அந்துவான் பொரோ என்ற மருத்துவரின் கோட்பாடு. வட ஆபிரிக்கர் பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைந்தவர், வன்முறை அவரது இயல்பு என்று அது கற்பித்தது.

சென் அல்பனில் கற்றதை ஃபனான் இரு விடுதிகளிலும் தொடங்கினார். ஐரோப்பியப் பெண்களிடம் பலன் விரைவாகத் தெரிந்தது. ஆண்கள் விடுதியில் எல்லாம் படுத்துவிட்டது. கூட்டத்தில் எவரும் வாய் திறக்கவில்லை. பலருக்கு எழுத்தறிவு இல்லாததால் பத்திரிகை கிடந்தது. கூடை பின்னக் கொடுத்தால் அது பெண்களின் வேலை என்று ஒதுங்கினார்கள்.

பொரோவின் மாணவர் எவருக்கும் இதற்குக் காரணம் தயாராக இருந்தது: இவர்கள் அப்படித்தான். ஃபனானும் அவரது உதவி மருத்துவர் ஜாக் அசூலேயும் 1954இல் எழுதிய கட்டுரையில் தவறு எங்களுடையது என்று ஒப்புக்கொண்டார்கள். இம்மக்களின் குடும்பம், சமயம், மொழி எதையும் அறியாமல் பிரான்ஸின் முறையை அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டோம் என்றார்கள். ஃபனானுக்கு அரபு தெரியாது. தாதியரே மொழிபெயர்த்தார்கள். அந்த ஏழை விவசாயி வாழ்க்கையில் மொழிபெயர்ப்பாளரை முன்னர் கண்டது நீதிமன்றத்திலும் அரச கந்தோரிலும்தான். அதே முறையில் வைத்தியரும் கேள்வி கேட்டால் அவன் எப்படி மனம் திறப்பான்?

பிறகு விடுதி மாறியது. அரபுக் கோப்பிக்கடை ஒன்று திறந்தார்கள். பெருநாட்களைக் கொண்டாடினார்கள். தொழுகைக்கு மார்க்கப் பெரியவர் வந்தார். ஊர்க் கதைசொல்லி ஒருவரை அழைத்தார்கள். கூடைக்குப் பதிலாக மண்வெட்டி கொடுத்தார்கள். எவரும் சொல்லாமலே தோட்டத்தில் இறங்கினார்கள்.

முஸ்லிம் பெண்களிடம் நடத்திய படச் சோதனையிலும் இதையே கண்டார்கள். படம் பார்த்துக் கதை சொல்லும் சோதனை அது. படத்திலிருந்த வீடும் உடுப்பும் ஐரோப்பாவினுடையவை என்பதால் பெண்கள் தடுமாறினார்கள். வெற்று அட்டையைக் கொடுத்ததும் கதைகள் பெருகின.

1954 நவம்பர் முதலாம் திகதி அல்ஜீரிய விடுதலை யுத்தம் வெடித்தது. அதன் பிறகு ஃபனானிடம் வதைபட்டவர்களும் வந்தார்கள், வதைத்த பொலிஸாரும் வந்தார்கள். மறைவாகப் போராளிகளுக்கும் மருத்துவம் பார்த்தார்.

அவர் பதிவு செய்த ஒரு சம்பவம் என் மனதை விட்டுப் போவதில்லை. சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பொலிஸ்காரர், ஃபனான் வரும்வரை வைத்தியசாலை வளவில் உலாவினார். அங்கே தான் விசாரித்த ஒருவரை எதிரே கண்டார். அவரும் அங்கே நோயாளி. சற்று நேரத்தில் பொலிஸ்காரர் ஒரு மரத்தில் சாய்ந்து வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். மற்றவரைக் காணவில்லை. தேடியபோது, மலசலகூடத்தில் உயிரை மாய்க்க முயன்ற நிலையில் கண்டுபிடித்தார்கள். தன்னைத் திரும்பப் பிடித்துப் போக வந்துவிட்டார்கள் என்று அவர் நினைத்திருந்தார். அது வெறும் தோற்றம், பொலிஸ் இங்கே வர முடியாது என்று சொல்லித்தான் அவரை ஆற்றினார்கள்.

அதாவது, நோயாளி கண்ட உண்மையை அவரது நோய் என்று சொல்ல வேண்டி வந்தது. ஒரு நல்ல மருத்துவர் பொய் சொன்னார். வேறு என்ன செய்திருக்கலாம் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். விடை கிடைக்கவில்லை.

இன்னொரு பொலிஸ் அதிகாரி, வீட்டில் மனைவியையும் பிள்ளைகளையும் அடிக்கத் தொடங்கியதால் உதவி தேடி வந்தார். தொழிலை விடும் எண்ணம் அவருக்கு இல்லை. மனச்சாட்சி உறுத்தாமல் தொடர்ந்து வதைக்க வழி கேட்டார். உளவளத்துணை என்ற தொழிலின் எல்லை எங்கே என்பதை இதைவிடக் கூர்மையாகக் கேட்கும் கேள்வியை நான் அறியேன். வருபவர் எவராயினும் கதவைத் திறக்க வேண்டும். அவர் கேட்பதையெல்லாம் கொடுக்கலாமா?

1956 இறுதியில், அல்ஜீரியாவின் பொறுப்பமைச்சர் ரொபேர் லகொஸ்டுக்குக் கடிதம் எழுதிப் பதவி விலகினார். மனிதன் தன் சூழலில் அந்நியனாக உணராமலிருக்க உதவுவதே உளமருத்துவம். சொந்த மண்ணிலேயே ஒரு மக்களை அந்நியராக்கும் ஆட்சியின் கீழ் அதைச் செய்ய முடியாது என்பது கடிதத்தின் சாரம். 1957 ஜனவரியில் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்.

தூனிஸ் நகரில் விடுதலை இயக்கத்தின் பத்திரிகையில் எழுதிக்கொண்டே, சார்ல் நிக்கோல் வைத்தியசாலையில் பகல்நேர உளநலப் பிரிவொன்றை உருவாக்கினார். நோயாளிகள் காலையில் வந்து மாலையில் வீடு திரும்பினார்கள். குடும்பத்திலிருந்து பிரிக்காமல் குணப்படுத்துவது அதன் நோக்கம்.

அவரைப் புனிதராக்கத் தேவையில்லை. 1957 டிசம்பரில் அவரது நெருங்கிய தோழர் அபான் ரம்டான், சொந்த இயக்கத்தவராலேயே மொறோக்கோவில் கொல்லப்பட்டார். அவர் களத்தில் வீரச்சாவடைந்ததாக இயக்கப் பத்திரிகை எழுதியது. ஃபனான் வெளியே ஒரு சொல் பேசவில்லை. வலியைப் பேச வைப்பதைத் தொழிலாகக் கொண்டவரின் மௌனம் அது. அப்படியான மௌனங்களோடு வாழ்ந்தவர்கள் எங்களிடையேயும் இருக்கிறார்கள். அவற்றையும் ஒரு நாள் யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும்.

வெண்குருதிப் புற்றுநோய் பிடித்த பின்னர்தான் தனது கடைசி நூலை எழுதினார். ஆயுதப் போராட்டத்தை நியாயப்படுத்தித் தொடங்கும் அந்த நூல், யுத்தம் மனங்களில் விட்ட காயங்களின் நீண்ட பதிவையும் தாங்கியிருக்கிறது. குண்டு வைத்தவரின் உறக்கமின்மையும் அதில் உண்டு. 1961 டிசம்பர் 6ஆம் திகதி அமெரிக்க வைத்தியசாலையொன்றில், 36 வயதில் இறந்தார். உடல் எல்லை கடந்து அல்ஜீரிய மண்ணில் புதைக்கப்பட்டது. ஏழு மாதங்களின் பின் அந்நாடு விடுதலை பெற்றது. பிளிடா வைத்தியசாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த அம்மாவின் வீட்டுக்கு மீண்டும் போனேன். கருவியை வெளியே எடுக்கவில்லை. மகனின் பெயரைக் கேட்டேன். அவன் ஐந்தாம் வகுப்பில் வாங்கிய பரிசிலிருந்து தொடங்கி, பொழுது சாயும்வரை கதைத்தார்.

உங்கள் வீட்டுக்கும் யாராவது படிவத்துடன் வரலாம். சொல்வது யார் கைக்குப் போகும், பதிவில் பெயர் இருக்குமா, அடுத்த மாதமும் நீங்கள்தான் வருவீர்களா என்று கேளுங்கள். விருப்பமில்லாததைச் சொல்லாமல் விடவும் உங்களுக்கு உரிமை உண்டு. நல்ல உளவளத்துணையாளர் இந்தக் கேள்விகளால் கோபிக்கமாட்டார்.