எலி தாங்கிய நஞ்சு: டொக்டர் ரூவின் வாழ்க்கை

பாரிஸ் 15ஆம் வட்டாரத்தில் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் தெருவுக்கு டொக்டர் ரூ என்று பெயர். நம்மவர்களில் பலர் அதைக் கடந்து போயிருப்போம்.

எமில் ரூ 1853இல் பிரான்சில் பிறந்தார். மருத்துவம் படித்து, லூயி பாஸ்டரிடம் பணிக்குச் சேர்ந்தார். விசர்நாய்க்கடித் தடுப்பூசியிலும் அவருடைய உழைப்பு உண்டு.

அந்நாளில் குழந்தைகளை வாரிக்கொண்டு போன நோய் தொண்டைக்கரப்பன். நாம் பிள்ளைகளுக்குப் போடும் முக்கூட்டு ஊசி தடுக்கும் நோய்களில் ஒன்று. கிருமி தொண்டையில் இருக்க, இதயமும் நரம்பும் பழுதாவது ஏன்? 1888இல் ரூவும் யெர்சினும் கிருமி வளர்ந்த நீரை வடிகட்டி, கிருமியற்ற நீரை மட்டும் விலங்குகளுக்கு ஏற்றினார்கள். கினிப்பன்றியும் முயலும் இறந்தன. கொல்வது கிருமி சுரக்கும் நஞ்சே என்று தெளிவானது. எலிகளோ அதிக அளவு நஞ்சையும் தாங்கின.

அதன் காரணம் தெரிய நூறு ஆண்டுகள் சென்றன. நஞ்சு உள்ளே நுழைய, கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதத்தைப் பற்றவேண்டும். எலியில் அந்தப் புரதம் சற்று வேறானது. நஞ்சுக்குப் பிடி கிடைப்பதில்லை. நஞ்சை நேரே உள்ளே செலுத்தினால் எலியின் கலமும் புரதம் செய்யமுடியாமல் மடியும்.

1890இல் பேர்லினில் பெரிங்கும் கிட்டாசாட்டோவும் நஞ்சுமுறிச் சீரத்தைக் கண்டறிந்தார்கள். ரூ குதிரைகளுக்கு நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றி, அவற்றின் இரத்தத்திலிருந்து சீரத்தைப் பெருமளவில் எடுத்தார். 1894 பெப்ரவரி முதல் ஜூலை வரை பாரிஸ் சிறுவர் மருத்துவமனையில் சீரம் கொடுக்கப்பட்டது. வந்த 448 பிள்ளைகளில் 109 பேர் இறந்தனர். அதே மாதங்களில் சீரம் கொடுக்காத துரூசோ மருத்துவமனையில் 520 பேரில் 316 பேர் இறந்தனர். முன்னது நூற்றுக்கு 24, பின்னது 61. கணக்கு எழுதிப் பழகிய எமக்கு இந்த இரண்டு வரிகளுக்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மக்களும் அப்படியே உணர்ந்தார்கள். லு பிகாரோ பத்திரிகை நிதி கேட்டபோது அள்ளிக் கொடுத்தார்கள்.

 ரூ நிறுவனத்திலேயே எளிமையாக வாழ்ந்து, 1904 முதல் அதன் இயக்குநராக இருந்து, 1933இல் மறைந்தார். அந்தத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

எமது கலங்கள் எலியின் கலங்கள் அல்ல. இந்த நஞ்சுக்குக் கதவு திறப்பவை. இடப்பெயர்வில் ஊசி அட்டையைத் தொலைத்தவர்கள் நம்மில் பலர். பெரியவர்களுக்கும் காலத்துக்குக் காலம் மறு ஊசி உண்டு. அடுத்த முறை குடும்ப மருத்துவரிடம் போகும்போது அதையும் கேட்டுவிடுவோம்.