விசைக்கோடுகளுக்கு இலக்கணம் தந்தவர்

ஆய்வுக்கிடையே கவிதையும் புனைந்துவந்த இயற்பியல் மேதை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்லைக் கவிஞர்கள் கூடும் இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமே. 1831 ஜூன் 13 அன்று ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்த அவர், 8 வயதில் தாயை இழந்தார். நாட்டுப்புற உடையில் பள்ளிக்கு வந்த அவரைச் சக மாணவர்கள் அசடன் என எள்ளினர்.

புத்தகம் கட்டும் தொழில் பயின்று வளர்ந்த மைக்கேல் ஃபாரடே, காந்தத்தைச் சூழ்ந்த வெளியெங்கும் விசைக்கோடுகள் படர்ந்திருப்பதாகக் கண்டார். உயர்கணிதம் அறியாத அவருடைய படிமத்தை அறிஞர் பலர் பொருட்படுத்தவில்லை. இளைஞர் மேக்ஸ்வெல் அதனை உற்று நோக்கினார். கணிதத்தால் அதற்கு இலக்கணம் வகுத்தார். மின்விசையும் காந்தவிசையும் ஒரே புலத்தின் இரு முகங்களாயின. அப்புலத்தில் எழும் அலையின் வேகத்தைக் கணக்கிட்டார். அது ஒளியின் வேகத்தோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. ஒளியும் மின்காந்த அலையே என்று 1865இல் வெளியான கட்டுரையில் உலகுக்கு உரைத்தார்.

தாயைக் கொண்டுபோன வயிற்றுப் புற்றுநோயே 1879 நவம்பர் 5 அன்று, 48 வயதில், அவரையும் கொண்டுபோயிற்று. அவர் கணித்த அலைகளை ஹெர்ட்ஸ் ஆய்வுக்கூடத்தில் எழுப்பிக் காட்டியபோது ஆண்டு 1888. மேக்ஸ்வெல் அதைக் காணவில்லை. ஆயினும், இயற்கையின் விசைகளை ஒன்றெனக் காண முயன்ற பின்னோர் அனைவரும் நடந்தது அவர் வகுத்த வழியில்தான். பிறர் புறக்கணித்த ஒரு படிமத்தை நம்பிய நெஞ்சம் அவருடையது. அது கவிஞர்க்கும் உறவானது.