பெரியார் உட்கார்ந்த நாற்காலி

கே.கே. நகர் ஆர்ச்சில் பஸ் ஏறினால் பெரியார் ஒண்ணு என்றுதான் டிக்கெட் கேட்கிறோம். அந்தப் பெரியார் ஒருகாலத்தில் ஈரோடு நகராட்சி சேர்மன். அப்போது கட்சி, சின்னம் எதுவும் கிடையாது; ஓட்டும் வரி கட்டுகிற வசதிக்காரர்களுக்குத்தான். மண்டி வியாபாரி ஈ.வெ.ரா.வுக்கு ஊரில் இருந்த பேரே போதுமானதாக இருந்தது. காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குக் கொண்டுவந்தார். பக்கத்துச் சேலத்தில் 1917 முதல் 1919 வரை சேர்மன் ராஜாஜி. இருவரும் சிநேகிதர்கள். ராஜாஜி அழைத்தார், 1919-ல் பதவியை உதறிவிட்டு இவர் காங்கிரசுக்கு வந்துவிட்டார். நல்லா நடந்த வியாபாரமும் போச்சு! 1925-ல் காங்கிரசையும் விட்டார். 1940-லும் 1942-லும் மாகாணப் பிரதமர் பதவி தேடி வந்தது, வேண்டாம் என்றார். 1973-ல் மறையும்வரை சட்டசபைக்குத் தனக்கென்று ஓட்டுக் கேட்கவே இல்லை.