டாக்டர் பா. இராமமூர்த்தி

சென்னையில் மூளை அறுவைத்துறைக்கு வித்திட்ட டாக்டர் பா. இராமமூர்த்தியின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

1922-ஆம் ஆண்டு சீர்காழியிற் பிறந்த இவர், சென்னையில் மருத்துவங் கற்று, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் மூளை அறுவை பயின்று மீண்டார். 1950-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார். 1951-இல் இந்திய நரம்பியற் சங்கத்தை நிறுவிய நால்வருள் இவரும் ஒருவர்.

அந்நாளில் மூளையை நேரே காட்டுங் கருவி இல்லை. எக்ஸ் கதிர் பெரும்பாலும் எலும்பையே காட்டும். ஆதலின் மூளையின் அறைகளுட் காற்றைச் செலுத்தியும், இரத்தக்குழாயில் மருந்தேற்றியும் படமெடுப்பர். நிழல் விலகிய திசைகொண்டே கட்டியின் இடத்தை உய்த்துணர்வர். உணர்ந்தது பிழையாயின் நோயாளியின் உயிர்க்கே இடராகும்.

டெர்மாய்டு என்னுங் கட்டியை நோக்குவோம். கருவிலேயே தோலின் கூறு உள்ளே சிக்குண்டு, மயிருங் கொழுப்பும் நிறைந்த பையாய் மெல்ல வளர்வது அது. 1971-இல் இங்கிலாந்தில் முதன்முதல் நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. ஸ்கேனில் அதன் கொழுப்புக் கறுத்துத் தோன்றும், பின்வந்த எம்.ஆர்.ஐ. படத்தின் ஒரு வகையிற் பெரும்பாலும் வெளுத்து ஒளிரும். பை உடைந்திருப்பின், கொழுப்புத் துளிகள் மூளையைச் சூழ்ந்த நீரிற் சிதறிக் கிடத்தலும் புலனாகும்.

இன்று தியாகராய நகரின் ஸ்கேன் நிலையமொன்றிற் சிறுபொழுதிற் காணும் இக்காட்சி, இவர் தொழில் தொடங்கிய காலத்து எவர்க்கும் வாய்த்திலது. ஆயினும் கருவி வருமளவும் நோயாளியைக் காத்திருக்கச் சொல்ல இயலுமோ? உள்ளதைக் கொண்டே உழைத்தார், மாணவரையும் பயிற்றினார். அரசுப்பணி நீங்கிய பின்னரும் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையில் தொண்டாற்றி, 2003-இல் காலமானார். நிறைவான கருவி கிட்டாமையைக் காரணங் காட்டிக் கடமையைத் தள்ளிவைக்கும் மாணவராகிய நாம், இவர் வாழ்வினின்று கற்பது மிகுதி.