டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

ஒரு நீலநிறத்தைக் கொண்டு இரத்தத்தின் உள்நிகழ்ச்சிகளை அளக்க வழிசெய்த இருவருள் ஒருவர் சென்னையிற் கற்றவர் என்பதை நம் மாணவருட் பலர் அறியார். அன்னாரது சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் பீமவரத்திற் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் மூன்றாம் முறையே தேறினார்; நம்முள் தவறினோர்க்கு இச்செய்தி இனிக்கும். இளமையிலேயே உடன்பிறந்தாரை நோய்க்குப் பலிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கதராடை உடுத்தமையால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தை இழந்து, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் ஆராய்ச்சி மேற்கொண்டார்.

அங்கே பிஸ்கே என்பாருடன் 1925-இல் அவர் வெளியிட்ட முறை மிக எளியது. இரத்தத்தின் புரதத்தை நீக்கி, எஞ்சிய தெளிநீரில் மாலிப்டேட்டும் மற்றொரு மருந்தும் சேர்த்தால் நீலம் தோன்றும். நீலம் எவ்வளவு ஆழமோ, பாஸ்பேட்டும் அவ்வளவு. அவ்விருவரே 1929-இல் தசையினின்று ஏ.டி.பி. என்னும் பொருளையும் பிரித்தனர். ஜெர்மனியில் லோமன் என்பாரும் அதே ஆண்டில் அதனைத் தனியே கண்டார்.

இவ்விரண்டும் கூடியபோது விளைந்ததே வியப்பு. ஏ.டி.பி.யைச் சிதைத்து, அவ்வாற்றலாற் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் நொதியொன்று நம் சிவப்பணுக்களின் சவ்வில் உண்டு. அது சிதைக்குந்தோறும் பாஸ்பேட் விடுபடும். அதனை நீலத்தால் அளந்தால் நொதியின் வேகம் புலப்படும். பிற்காலத்தார் பல விலங்குகளின் குருதியை ஆராய்ந்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாயிருந்தது. நாய், பூனை இவற்றின் முதிர்ந்த சிவப்பணுக்களில் அந்நொதியின் தொழில் இல்லையென்றே கூறலாம். செம்மறியிலோ பிறப்பினாலேயே இருவகை உண்டு: ஒன்றில் நொதி மிகுதி, மற்றொன்றிற் குறைவு. காங்கயத்துக் கொறங்காட்டில் மேயும் செம்மறிகளைக் கண்ணாற் பார்த்து இவ்வேற்றுமையை எந்த இடையரும் கூறவியலாது. ஓருயிரின் அளவைக் கொண்டு மற்றோருயிரின் நலத்தை மதிப்பிடுதல் தவறென்பதும் இதனால் விளங்கும்.

இத்துணைப் புகழுக்குரியார்க்கு ஹார்வர்டில் நிலையான ஆசிரியப் பதவி கிட்டிற்றில்லை. 1940-இல் லெடர்லி மருந்துச் சாலையை அடைந்தார். அவர் தலைமையில் அங்கே போலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பெற்றது. அவருடைய உடன்பிறந்தாரை மாய்த்த ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்குரிய ஹெட்ரஸானும் அச்சாலையினின்றே வந்தது.

ஊரில் விட்டுவந்த மனைவியாரை மீண்டுங் காணாமலே, 1948 ஆகஸ்டில், தமது 53-ஆம் வயதில், நியூயார்க் மாகாணத்துப் பேர்ல் ரிவரில் உறக்கத்தில் உயிர் நீத்தார்.